ஒரே வகுப்பு, இரண்டு டீச்சர், இரண்டு மொழி!

2014, நவம்பர் 29. சனிக்கிழமை இரவு. ஜெருசலேம் நகரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் சிலர் புகுந்தார்கள். பள்ளியில் அப்போது யாரும் இல்லை. ஒன்றாம் வகுப்பு அறையில் இருந்த புத்தகங்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். சுவரில் அரபு மக்களுக்கு எதிரான வாசகங்களை எழுதிவிட்டுப் போனார்கள். 'புற்றுநோயோடு சேர்ந்து வாழ முடியாது' என்பது அவற்றில் ஒன்று.

ஆறு வயதுக் குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கும் அறை அது. அதன்மேல் இத்தனை ஆத்திரம் வரும் அளவுக்கு அங்கே என்னதான் நடந்தது?

யூதக் குழந்தைகளும் அரபுக் குழந்தைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஹீப்ருவும் அரபியும் படித்தார்கள். அவ்வளவுதான்.

இஸ்ரேலில் இது சாதாரண விஷயம் இல்லை. அந்த நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் அரபு மக்கள். ஆனால் பள்ளிக்கூடங்கள் தனித்தனி. யூதக் குழந்தைகளுக்கு அரசுப் பள்ளி, மதச்சார்புள்ள அரசுப் பள்ளி, தீவிர மரபுவாதிகளுக்கு இன்னொரு வகைப் பள்ளி என்று மூன்று பாதைகள். அரபுக் குழந்தைகளுக்கு அரபியில் பாடம் நடக்கும் வேறு பள்ளிகள். ஒரே ஊரில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், பள்ளிப் படிப்பு முடியும் வரை ஒருவரோடு ஒருவர் பேசாமலேயே வளர்ந்துவிடலாம். பெரும்பாலோர் அப்படித்தான் வளர்கிறார்கள்.

இதை மாற்ற முடியுமா என்று 1997-ல் இரண்டு பேர் யோசித்தார்கள். ஒருவர் அமீன் கலஃப், அரபுக் கல்வியாளர். இன்னொருவர் லீ கார்டன், அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய யூத சமூகப் பணியாளர். இவர்கள் தொடங்கிய அமைப்பின் பெயர் 'ஹேண்ட் இன் ஹேண்ட்'. 1998-ல் ஜெருசலேமில் ஒன்று, வடக்கே கலிலேயாவில் ஒன்று என்று இரண்டு இடங்களில் சுமார் 50 குழந்தைகளோடு வகுப்புகள் ஆரம்பமாயின.

இதற்கும் முன்னோடி உண்டு. ஜெருசலேமுக்கும் டெல் அவிவுக்கும் நடுவே யூதர்களும் அரபு மக்களும் விரும்பிச் சேர்ந்து குடியிருக்கும் ஒரு கிராமம் இருக்கிறது. ஹீப்ருவில் நெவே ஷாலோம், அரபியில் வாஹத் அஸ்-சலாம். இரண்டுக்கும் பொருள் அமைதிச் சோலை. அந்தக் கிராமத்தார் தங்கள் பிள்ளைகளுக்காக 1984-லேயே ஓர் இருமொழித் தொடக்கப் பள்ளியைத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அது சேர்ந்து வாழத் துணிந்தவர்களின் சொந்தக் கிராமம். ஜெருசலேம் போன்ற ஒரு நகரத்தில், வெவ்வேறு தெருக்களில் வசிக்கும் பெற்றோரை நம்ப வைத்துக் கூட்டிவருவது வேறு சமாச்சாரம்.

ஜெருசலேம் பள்ளி நிற்கும் இடத்தையே பாருங்கள். ஒரு பக்கம் பாத் என்கிற யூதக் குடியிருப்பு. மறுபக்கம் பெய்த் ஸஃபாஃபா என்கிற அரபு ஊர். 1949 போர்நிறுத்தக் கோடு அந்த ஊரின் குறுக்கேதான் போனது. ஊரில் பாதி இஸ்ரேலிடம், பாதி ஜோர்டானிடம். நடுவில் வேலி. அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். 1967 வரை, கிட்டத்தட்ட பதினெட்டு ஆண்டுகள் அப்படியே இருந்தது. பேரன் பேத்திகள் இன்று அந்தப் பள்ளிக்கு நடந்து வருகிறார்கள் என்றால், அந்த நடை சின்னது இல்லை.

கை என்றால் 'யத்'

பள்ளியின் பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஹீப்ருவில் 'யத் பெ-யத்'. அரபியில் 'யதன் பி-யத்'. இரண்டுக்கும் கையோடு கை என்று பொருள். கைக்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல்!

தமிழும் மலையாளமும் கன்னடமும் போல, இவை இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள். நாள் என்பதற்கு ஹீப்ருவில் 'யோம்', அரபியில் 'யௌம்'. வீட்டுக்கு 'பயித்', 'பைத்'. சூரியனுக்கு 'ஷெமெஷ்', 'ஷம்ஸ்'. கண்ணுக்கு 'அயின்', 'ஐன்'. ஷாலோமும் சலாமும் ஏற்கெனவே நமக்குத் தெரிந்த ஜோடி. இரண்டும் வலமிருந்து இடமாக எழுதப்படுபவை. ஆனால் எழுத்து வடிவத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஹீப்ருவின் 22 எழுத்துகளும் தனித்தனியாக நிற்கும். அரபியின் 28 எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு, சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் என்று மாறும்.

இந்த இரண்டையும் ஆறு வயதில் ஒரே நேரத்தில் கற்கிறார்கள். குழம்பிப்போக மாட்டார்களா என்று கேட்கத் தோன்றும். தமிழ் எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் எல்.கே.ஜி-யிலேயே சேர்த்துப் படிக்கும் பிள்ளைகளை வளர்க்கும் நாம் அப்படிக் கேட்கலாமா?

தொடக்க வகுப்புகளில் அறைக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் யூதர், ஒருவர் அரபு. அவரவர் தம் மொழியில் பேசுவார்கள். அவர் ஹீப்ருவில் சொன்னதை இவர் அரபியில் வரிக்கு வரி மொழிபெயர்ப்பது இங்கே நோக்கம் இல்லை. மொழிபெயர்ப்பு வரும் என்று தெரிந்துவிட்டால் எந்தக் குழந்தையும் மற்ற மொழியைக் காதில் வாங்காது என்பது இந்த முறையின் அடிப்படைக் கணக்கு. சின்னத்திரையில் டப்பிங் ஓடும்போது மூல வசனத்தை நாம் கேட்கிறோமா என்ன!

இரண்டு ஆசிரியர் என்றால் இரட்டைச் சம்பளம். இவை அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள்தான், அரசின் பணமும் வருகிறது. ஆனாலும் இந்தக் கூடுதல் செலவுக்கு நன்கொடையையும் பெற்றோர் தரும் கட்டணத்தையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் சேருகிற குடும்பங்களில் நடுத்தர வர்க்கம்தான் அதிகம். சேரும் காரணமும் இரு பக்கமும் ஒன்றில்லை. யூதப் பெற்றோர் பலருக்கு, பிள்ளைகள் சேர்ந்து வளர வேண்டும் என்கிற கொள்கைப் பிடிப்பு. அரபுப் பெற்றோர் பலருக்கு, நல்ல பள்ளி, நல்ல ஹீப்ரு, நாளைக்கு ஒரு நல்ல கல்லூரி. இதில் எது உயர்ந்தது என்று கேட்பது சரியில்லை. கொள்கைக்காகப் பள்ளி தேடும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பெரிய மொழி எப்போதும் ஜெயிக்கிறது

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் கல்வியியல் ஆய்வாளர் ஸ்வி பெக்கர்மன் இந்தப் பள்ளிகளின் தொடக்க காலத்திலிருந்தே வகுப்பறைகளில் உட்கார்ந்து கவனித்து எழுதியவர். புகழ்ந்து மட்டும் எழுதியிருந்தால் அவர் பெயரை இங்கே சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் கண்டது இது. இரண்டு மொழிக்கும் சம இடம் என்று பள்ளி எவ்வளவு முயன்றாலும், அரபுக் குழந்தைகள் ஹீப்ருவில் வெளுத்து வாங்குகிறார்கள். யூதக் குழந்தைகளின் அரபி அந்த அளவுக்கு வருவதில்லை. வகுப்பில் ஆசிரியர் அரபியில் கேட்டால் யூதப் பிள்ளைக்குப் புரிகிறது, ஆனால் பதில் ஹீப்ருவில் வருகிறது. விளையாட்டு மைதானத்தில் ஒரே ஒரு யூதக் குழந்தை கூட்டத்தில் இருந்தாலும் பேச்சு ஹீப்ருவுக்குத் தாவிவிடுகிறது.

ஏன்? பள்ளிக்கு வெளியே பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரியில், வேலைக்கான நேர்காணலில் எல்லாம் ஹீப்ருதான். ஹீப்ரு இல்லாமல் ஓர் அரபு இளைஞரால் அங்கே முன்னேற முடியாது. அரபி இல்லாமல் ஒரு யூத இளைஞரால் தாராளமாக முன்னேற முடியும். குழந்தைகளுக்கு இது யாரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. 2018 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம், அதுவரை ஆட்சிமொழியாக இருந்த அரபியை 'தனித்தகுதி' கொண்ட மொழி என்று ஒரு படி இறக்கியது. ஒன்றாம் வகுப்பில் அரபு டீச்சர் எவ்வளவு அன்பாகப் பாடம் நடத்தினாலும், வெளியே காற்று வேறு திசையில் அடிக்கிறது.

நமக்கும் இது தெரியாத கதையில்லை. திருப்பூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள், சரளமாகப் பேசவும் செய்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்காரும் நம் பிள்ளைக்கு அவர்கள் மொழியில் எத்தனை சொல் தெரியும்? தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை, அதனால் தெரியாது.

அரபியில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எழுதுகிற அரபி வேறு, வீட்டில் பேசுகிற அரபி வேறு. நம் 'சென்றுகொண்டிருக்கிறேன்' எங்கே, 'போயிட்டிருக்கேன்' எங்கே, அப்படி. அங்கே இடைவெளி இன்னும் அகலம். பாடப் புத்தகத்து அரபியை முக்கி முனகிப் படித்த ஒரு யூதச் சிறுமி, தோழி வீட்டுக்கு விருந்துக்குப் போகிறாள் என்று வையுங்கள். தோழியின் பாட்டி பேசுவது அவளுக்குப் பாதி புரியாது. அவள் பேசுவது பாட்டிக்குச் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். எதை முதலில் கற்பிப்பது, பேச்சையா எழுத்தையா என்பது அந்தப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தீராத தலைவலி. இஸ்ரேலின் வழக்கமான யூதப் பள்ளிகளிலோ இந்தத் தலைவலியே கிடையாது. அங்கே அரபி நடுநிலை வகுப்புகளில் சில ஆண்டுகள் எட்டிப் பார்க்கும், அதுவும் பெரும்பாலும் எழுத்து அரபி. படித்து முடித்தவர்களில் ஒரு காபி கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள்கூடக் குறைவு.

பண்டிகை சுலபம்

நம் ஊர்த் தனியார் பள்ளிகள் பலவற்றில் இப்போது 'இன்டர்நேஷனல் டே' வந்துவிட்டது. என் அக்கா மகள் படித்த பள்ளியிலும் நடந்தது. அவளுக்கு ஜப்பான் கிடைத்தது. வீட்டில் இருந்த பட்டுத் துணியைக் கிமோனோவாகச் சுற்றி, கொண்டையில் இரண்டு பென்சில் செருகி அனுப்பினோம். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டோம். அன்று சாயங்காலம் 'ஜப்பானைப் பற்றி என்ன தெரிஞ்சுக்கிட்டே?' என்று கேட்டேன். 'கொண்டை குத்துது சித்தி' என்றாள்.

ஜெருசலேம் பள்ளியிலும் பண்டிகைகள் உண்டு. டிசம்பர் வந்தால் யூதர்களின் ஹனுக்கா விளக்குகளும் கிறிஸ்துமஸ் மரமும் அடுத்தடுத்து நிற்கும். ரமலான் வரும். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான், மூன்று மதத்துப் பலகாரமும் கிடைக்கிறதே! இதை யாரும் எதிர்ப்பதில்லை. பெக்கர்மனின் கண்ணில் படுவது வேறு. இங்கே யார் யூதர், யார் முஸ்லிம், யார் கிறிஸ்தவர் என்று பெரியவர்கள்தான் ஓயாமல் நினைவுபடுத்துகிறார்கள், குழந்தைகள் அதற்கு அவ்வளவு முக்கியத்துவம் தருவதில்லை என்கிறார் அவர். யார் நன்றாகப் பந்து அடிப்பார்கள் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம்.

பண்டிகை நாளில் எல்லோரும் சிரிக்கிறார்கள். துக்க நாளில் என்ன செய்வது?

சைரன் ஒலிக்கும்போது

வசந்த காலத்தில் இஸ்ரேலில் இரண்டு நாள்கள் அடுத்தடுத்து வரும். முதல் நாள், போர்களிலும் தாக்குதல்களிலும் இறந்தவர்களுக்கான நினைவு நாள். முந்தின இரவு எட்டு மணிக்கு ஒரு நிமிடமும், மறுநாள் காலை பதினொரு மணிக்கு இரண்டு நிமிடமும் நாடு முழுக்கச் சைரன் ஒலிக்கும். நெடுஞ்சாலையில் போகும் கார்கள்கூட நின்றுவிடும். ஓட்டுநர்கள் இறங்கித் தலை குனிந்து நிற்பார்கள். அன்று மாலை, பொழுது சாய்ந்ததும் சுதந்திர தினக் கொண்டாட்டம் தொடங்கும்.

யூதக் குழந்தைக்கு முதல் நாள் துக்கம். போரில் மாமாவையோ தாத்தாவையோ இழந்த குடும்பங்கள் பல. மறுநாள் மகிழ்ச்சி, 1948-ல் தங்களுக்கு ஒரு நாடு கிடைத்த நாள்.

அதே 1948 அரபுக் குழந்தைக்கு 'நக்பா'. பேரழிவு என்று பொருள். அந்தப் போரில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீன மக்கள் வீடு வாசலை இழந்து அகதிகளானார்கள். பாட்டி சொல்லும் கதைகளில் பூட்டிவிட்டு வந்த வீடு இருக்கும், திரும்பிப் போகவே முடியாத ஊர் இருக்கும். மே 15 அவர்களுக்கு நினைவு நாள்.

இப்போது சொல்லுங்கள். காலை பதினொரு மணிக்குச் சைரன் ஒலிக்கிறது. ஒரே வகுப்பில் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அரபுக் குழந்தை எழுந்து நிற்க வேண்டுமா? நின்றால் அவள் வீட்டில் என்ன சொல்வார்கள்? நிற்காவிட்டால் பக்கத்தில் நிற்கும் தோழி, மாமாவை இழந்தவள், என்ன நினைப்பாள்? நக்பா பற்றி டீச்சர் பேசினால் யூதப் பெற்றோர் எல்லோரும் ஒத்துக்கொள்வார்களா? 2011-ல் வந்த ஒரு சட்டம், சுதந்திர தினத்தைத் துக்க நாளாக அனுசரிக்கும் நிறுவனங்களுக்கு அரசு தரும் பணத்தைக் குறைக்க அனுமதிக்கிறது. பள்ளி நிர்வாகத்துக்கு அந்தக் கவலை வேறு.

இதற்கு ஒரேயடியாக ஒரு தீர்வை இந்தப் பள்ளிகள் கண்டுபிடித்துவிடவில்லை. பிரித்து வைத்துத் தனித்தனியாக அனுசரித்துவிட்டு, பிறகு ஒன்றாக உட்கார்ந்து பேசும் முறையைப் பின்பற்றியிருக்கிறார்கள். பிரிப்பதே தவறு என்று சொன்ன பெற்றோர் உண்டு, சேர்த்து உட்கார வைப்பது தவறு என்று சொன்னவர்களும் உண்டு. ஆசிரியர்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கும். ஆண்டுக்கு ஆண்டு அந்தப் பேச்சு திரும்பத் திரும்ப நடக்கிறது.

15 வயது மாணவர்களுக்கான சர்வதேசத் தேர்வான 'பீசா'வில் 2018-ல் 'உலகளாவிய திறன்' என்று புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். உலக விஷயங்களை ஆராய்வது, பிறர் கண்ணோட்டத்தைப் புரிந்துகொள்வது, வேறு பண்பாட்டினருடன் மரியாதையாகப் பழகுவது, பொது நன்மைக்காகச் செயல்படுவது என்று அதற்கு வரையறை. கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் பிறர் கண்ணோட்டம் என்பது நம் வீட்டுத் துக்கத்தின் மறுபக்கமாக இருக்கும்போது, அதைப் புரிந்துகொள்ள ஏழு வயதுப் பிள்ளையை எப்படிப் பழக்குவது? ஜெருசலேம் டீச்சர்கள் ஒவ்வொரு வசந்த காலத்திலும் எழுதும் பரீட்சை அது. கிமோனோ சுற்றுவதில் இந்தக் கஷ்டம் கிடையாது. அதனால்தான் நாம் எல்லோரும் கிமோனோவோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

தீக்குப் பிறகு

வகுப்பு எரிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இஸ்ரேலில் அது வேலை நாள். பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். வெறுப்பும் பயமும் இல்லாமல் சேர்ந்தே தொடர்வோம் என்று இரண்டு மொழிகளிலும் எழுதிய பலகைகளைப் பிடித்தார்கள். நாட்டின் அதிபர் ரூவன் ரிவ்லின் அந்தப் பள்ளிக் குழந்தைகளைத் தன் இல்லத்துக்கு அழைத்துப் பேசினார். அடுத்த மாதம் வெள்ளை மாளிகையில் நடந்த ஹனுக்கா விழாவில் ஒபாமா முன்னிலையில் விளக்கேற்றியவர்கள், அதே பள்ளியின் மாணவர்கள் இருவர், ஒருவர் யூதர், ஒருவர் அரபு. தீ வைத்தவர்கள் யூதத் தீவிரவாத அமைப்பு ஒன்றைச் சேர்ந்த மூன்று பேர். பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள். கரிபடிந்த அறையைச் சரிசெய்து மறுபடி வகுப்பு நடந்தது.

அதற்கு முன்பும் சோதனை வராமல் இல்லை. பள்ளி தொடங்கி இரண்டே ஆண்டில், 2000-ன் இறுதியில், இரண்டாவது இன்டிஃபாதா வெடித்தது. பஸ்களில் குண்டு வெடித்த காலம் அது. அப்போதும் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள். 2004-ல் கஃபர் கரா என்கிற அரபு ஊருக்குள் இன்னொரு பள்ளி திறந்தார்கள். அதுவரை அரபுக் குழந்தைகள்தான் யூதர்கள் இருக்கும் இடம் தேடிப் போவது வழக்கம். இங்கே யூதக் குழந்தைகள் பஸ் ஏறி அரபு ஊருக்குப் படிக்க வந்தார்கள். இன்று அந்த அமைப்பின் பள்ளிகளில் சுமார் இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கிறார்கள். நாட்டின் மொத்த மாணவர் எண்ணிக்கையில் இது கடுகளவு.

2023 அக்டோபர் 7 தாக்குதலும் அதைத் தொடர்ந்த காஸா போரும் வந்தபோது, இரு பக்கமும் உறவினர்களை இழந்தவர்கள் இருந்த ஒரு நாட்டில், இந்தப் பள்ளிகளின் வகுப்பறைகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. பள்ளிகளை மூடிவிடவில்லை. மறுபடி திறந்து, இரண்டு சமூகத்துப் பிள்ளைகளும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

ஆறாம் வகுப்பு முடியும்போது இன்னொரு கேள்வி வாசலில் நிற்கும். யூதப் பெற்றோரில் பலர் அந்தக் கட்டத்தில் பிள்ளையை வழக்கமான பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். சின்ன வயதில் சேர்ந்து வளர்ந்தது போதும், இனிப் படிப்பு, எதிர்காலம் என்று ஒரு கணக்கு. தங்கிவிடுகிற பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒன்றாகப் படிக்கிறார்கள். ஜெருசலேம் பள்ளியிலிருந்து அப்படி முதல் அணி வெளியே வந்தது 2011-ல்.

பதினெட்டு வயதில் யூத இளைஞர்களுக்கு ராணுவ சேவை கட்டாயம். அவர்களின் அரபு வகுப்புத் தோழர்களுக்கு அந்த அழைப்பு வராது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேரில் ஒருவர் சீருடை போட்டுக்கொண்டு சோதனைச் சாவடியில் நிற்கலாம். இன்னொருவரின் பெரியப்பா அந்தச் சாவடியைக் கடந்து வர வேண்டியிருக்கலாம். மேல்வகுப்புகளில் அவர்கள் இதைப் பற்றியும் பேசுகிறார்கள், இரண்டு மொழியிலும்.